பரிபூரணம் மறைத்த வலிப்பு

பரிபூரணத்துக்கு வாய் நீளம் என்று ராஜபாளையம் பேண்டேஜ் துணி நெய்கிற கொட்டகையில் கூட வேலை செய்கிற எல்லாரும் சொல்வார்கள். புருஷன் போன பிறகு அந்த வாயின் தைரியத்தில்தான் மகள் பியூலாவை ஆளாக்கினாள். அப்படிப்பட்டவள் உண்மையைச் சொல்ல வாய் வராமல் நின்றது எண்பத்தேழில்.

பியூலாவுக்குத் தளவாய்புரத்து ஞானராஜோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சர்ச் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும்; இரண்டு ஆயிற்று. கடைசி வாசிப்புதான் பாக்கி. அந்த வாரம் பார்த்துத்தானா பியூலாவுக்குக் காய்ச்சல் வர வேண்டும்! தலை பிளக்கிற வலி, கழுத்து கட்டையாக விறைத்துவிட்டது. விடிகிற நேரத்தில் கைகால் வெட்டி இழுத்தது. பரிபூரணம் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். வலிப்புக்காரி என்று பேர் விழுந்தால் எவன் வந்து தாலி கட்டுவான்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில், மூளைக்காய்ச்சல் போலிருக்கிறது, முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். "வலிப்பு ஏதும் வந்துச்சாம்மா?"

சேதி கேட்டு வந்திருந்த ஞானராஜின் தாய் அன்னத்தாய் கட்டிலை ஒட்டி நின்றாள்.

"இல்ல சார்," என்றாள் பரிபூரணம்.

நர்ஸ் பியூலாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கினாள்.

"இதுல ஒண்ணும் ஆயிராதுல்லா சார்?" என்று கேட்டாள் பரிபூரணம்.

"சாதாரணமா பயமில்ல. மூளை வீங்கியிருந்தாத்தான் ஆபத்து. கீழ நீரை எடுத்தா மேல உள்ள மூளை இறங்கி நசுங்கும், மூச்சே நின்னுரும். வலிப்பு வந்திருந்தா வீக்கம் இருக்கலாம், அதான் கேட்டேன்." கையுறையை மாட்டினார்.

பரிபூரணத்தின் கண் அன்னத்தாய் பக்கம் போயிற்று. பாழாய்ப்போன கௌரவம், அப்போதும் நாக்கைக் கட்டிப்போடப் பார்த்தது.

"குத்தாதிய சார். வெள்ளன கைகாலு வெட்டி இழுத்துச்சு. நாந்தான் மறைச்சிட்டேன்."

டாக்டர் ஊசியைத் தள்ளி வைத்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "நீர் எடுக்கது பொறவு. முதல்ல மருந்தை ஏத்துங்க," என்றார் நர்ஸிடம். அன்னத்தாய் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பியூலா பிழைத்தாள். அந்த ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கவில்லை; அன்னத்தாய் கல்யாணத்தை நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு விஷயம் தெரிந்து பியூலா விம்மினாள். "அவிய முன்னாலயாம்மா சொல்லணும்? டாக்டரைச் செத்த தள்ளிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லா?"

பரிபூரணம் திகைத்துப் போனாள். இத்தனை நாளும் அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஏட்டி, அந்நேரம் எனக்கு ஒம் முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது," என்றாள்.