மாரியம்மன் காட்டிய வாடகை வீடு

என் பெயர் முத்துராஜ். மறையூரில் போர்டு எழுதிப் பிழைக்கிறேன். என் குடும்பம் தெருவுக்கு வர இருந்த நேரத்தில் மாரியம்மன் செய்ததை, அவளை நம்பும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐந்தாறு வருடமாக எனக்கு வேலைக்குக் குறைவில்லை. காந்தலூர்ப் பக்கம் டூரிஸ்ட் கூட்டம் பெருகப் பெருக, வாடகை வீடுகள் ஒவ்வொன்றாக ஹோம்ஸ்டே ஆயின. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் போர்டு எழுதியது நான்தான். அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போன ஆடி மாதம் எங்கள் வீட்டுக்காரர் வந்தார்.

"முத்து, தப்பா நினைக்காதப்பா. ஓணத்துக்கு முன்னாடி இதையும் ஹோம்ஸ்டே ஆக்கணும். காலி பண்ணிக் கொடுத்துரு." கொஞ்சம் தயங்கினார். "போர்டும் நீயே எழுதிரு."



மகள் பத்தாம் வகுப்பு. மனைவி செல்விக்கு ரிசார்ட்டில் துணி துவைக்கும் வேலை. மூன்று வாரம் வீடு தேடி அலைந்தோம். கேட்ட இடமெல்லாம் டூரிஸ்ட்டுக்கு மட்டும்தான் என்றார்கள். உடுமலைக்குப் போய்விடலாம் என்றேன். "பிள்ளை படிப்பு என்னாகும்?" என்று செல்வி அழுதாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மன் முன்னால் போய் நின்றேன். நான் எழுதிய போர்டுகள்தான் கண்முன் வந்தன. "தாயே, எத்தனையோ குடும்பம் வெளியேறினப்போ நான் திரும்பிக்கூடப் பார்க்கல. மன்னிச்சு ஒரு கூரையைக் காட்டு" என்று விழுந்து கும்பிட்டேன்.

மறுநாள் ராஜம்மா அக்கா போன் செய்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டை ஒட்டிய சின்ன வீட்டை ஹோம்ஸ்டேயாக நடத்தி வந்தார். போர்டு வேலை இருக்கிறது என்றார். மனம் வெறுத்துப்போய் அன்றே பெயிண்ட் டப்பாவோடு போனேன்.

பழைய போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

"இதை அழிச்சிட்டு 'வீடு வாடகைக்கு'ன்னு எழுது. குடும்பத்துக்கு மட்டும்னு கீழே போடு."

"ஏன்க்கா, நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. ஆனா பக்கத்துல யாரு இருக்காங்கன்னே எனக்குத் தெரியல. நேத்து காலையில விளக்கேத்தும்போது, ஒரு குடும்பம் இருந்தா நல்லாருக்குமேன்னு தோணுச்சு. அதுக்கப்புறம் வேற நினைப்பே இல்ல."

நேற்று காலை. நான் அம்மன் காலடியில் கிடந்த நேரம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தேன்.

"அக்கா, போர்டு வேண்டாம். நாங்க வர்றோம்" என்றேன்.

விவரம் கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். பழைய வீட்டுக்காரருக்கும் போர்டு எழுதிக் கொடுத்தேன். கோபம் வரவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

இப்போதும் அதுதான் என் பிழைப்பு. ஆனால் எழுதும் முன், "இதுல இருந்தவங்களுக்கு இடம் கிடைச்சுதா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர் மட்டும், குடியிருந்தவர்களைக் கீழே இருக்கச் சொல்லிவிட்டு மாடியை டூரிஸ்ட்டுக்கு விட்டார்.

வீடில்லாமல் தவிக்கிறவர்களே, அவளிடம் மனம் விட்டுக் கேளுங்கள். நான் வாய் திறந்த நேரத்திலேயே அவள் இன்னொருவர் மனதில் பேசிக்கொண்டிருந்தாள்.