அறுபத்து நான்கு அடிக் கணக்கு

நான் படித்தது தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். இன்று லிந்துலைப் பக்கம் எந்த எஞ்சின் நின்றாலும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். அந்த வேலைக்குள் நான் நுழைந்தது ஒரு பந்துக் கணக்கால்.

மலை உச்சியிலிருந்து, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலைக்குக் கொழுந்துச் சாக்கைக் கம்பியில் தொங்கவிட்டு இறக்குவார்கள். மேலே நிற்பவர் கம்பியைத் தடியால் தட்டினால் கீழே நிற்பவர் விலக வேண்டும். கீழே நின்றவர் அப்பா. ஒரு சாக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து நெஞ்சில் அடித்தது. அங்கேயே உயிர் போய்விட்டது. மூன்றாம் நாள் அதே இடத்தில் என்னை நிறுத்தினார்கள். நின்றேன். அழுகை வரவில்லை.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா ஆபீசுக்கு எழுதிய கடிதத்தைக் கணக்கப்பிள்ளை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். கம்பியின் நீளத்தை, சாக்கு வந்துசேரும் நேரத்தால் வகுத்திருந்தார். ஓடும் ஆளின் வேகம்தானாம். விலகியிருக்கலாமாம். கவனக்குறைவு.

அடுத்த மாதம் எஞ்சின் அறைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் மறுபடியும் நான் கம்பிக்குக் கீழேதான் நிற்க வேண்டும். அந்த வேலைக்குப் பெரிய கங்காணியின் மருமகனும் வந்திருந்தான். அட்டனில் எட்டாவது வரை படித்தவன்.

“நீ இங்க வந்துட்டா சாக்குக்கு யாருடா பதில் சொல்றது?” என்றான்.

டீமேக்கர் ஐயா ஒரு புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார். “அறுபத்தி நாலு அடி ஒயரத்துல இருந்து பந்தக் கைவிட்டா, ரெண்டு செக்கன்ல தரைக்கு வருது. தரையில படுறப்ப வேகம் என்னா?”

“செக்கனுக்கு முப்பத்திரெண்டு அடிங்க,” என்றான் அவன். ஐயா சரியென்று தலையாட்டினார்.

“அறுபத்தி நாலுங்க,” என்றேன்.

“எப்படிடா?” என்றார் ஐயா.

“முப்பத்திரெண்டு மொத்தத்துக்கும் சராசரிங்க. கெளம்புறப்ப வேகமே இல்ல. அப்ப கடைசியில ரெண்டு மடங்கு இருக்கணுமில்லீங்களா? சாக்கும் அப்படித்தாங்க. மேல நடந்து வரும். கீழ வர்றப்பதான் அடிக்கும்.”

அவர் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி விடையைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

“நாளைக்கு எஞ்சின் ரூமுக்கு வா.”

“அப்பாவப் பத்தி எழுதின கடுதாசிங்கய்யா?”

“அது அப்பவே ஆபீசுக்குப் போயிருச்சுப்பா.”

“சரிங்கய்யா.”

லயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.