வாய் திறந்த மழவன்

முத்தம்மா மீசை ஒட்டிக்கொண்டு மேடையேறும் சாயங்காலம் பொம்மனஹள்ளியில் அந்தத் தெருவுக்குள் ஆட்டோ நுழையாது. வருஷத்தின் மற்ற நாளெல்லாம் அவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நீலச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. அம்மன் திருவிழாவின் சனிக்கிழமை மட்டும் அவள் மழவன்.

மழவன் கதை அந்தத் தெருவுக்கே மனப்பாடம். பழைய காலத்துக் கோட்டை ஒன்று. அதன் பெரிய கதவில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு திட்டிவாசல். அதற்கு மழவன் காவல். ராஜா ஒரு விருந்தில் அவனுக்கு இலை போட மறந்துவிடுகிறார். அவ்வளவுதான். அந்த ஆத்திரத்தில் எதிரிக்கு வாசலைத் திறந்துவிட்டு, பழியைத் தன்னோடு காவலிருந்தவன் தலையில் கட்டிவிடுகிறான். ஓர் இலைக்கு ஒரு கோட்டையா என்று ஜனங்கள் வருஷா வருஷம் புதிதாக வயிறெரிவார்கள்.

போலீஸ் பர்மிஷன் பத்து மணி வரைதான் என்பதால் கூத்து சுருங்கிவிட்டது. ஆனால் மறுநாள் காலைச் சடங்கு சுருங்கவில்லை. மழவன் வேஷத்தைக் கலைக்காமல் கோயில் வாசலில் ஒரு முக்காலி மேல் நிற்க வேண்டும். பக்கத்தில் ஓர் அகல் விளக்கு. அது எரிந்து அணைகிறவரை யார் வேண்டுமானாலும் வந்து வாயாரத் திட்டலாம். மழவன் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. விளக்கு அணைந்ததும் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பாவம் போயிற்று, வேஷம் இறங்கிற்று. நடுவில் வாய் திறந்தவனுக்குத் தண்ணீரும் கிடையாது, அப்புறம் ஜென்மத்துக்கும் மேடையும் கிடையாது.

முத்தம்மாவுக்கு முன்பு மழவனாக இருந்த ஆள், மைத்துனன் திட்டியதைத் தாங்காமல் முக்காலியிலிருந்து குதித்துத் துரத்திக்கொண்டு போய்விட்டான். அதன்பின் ஆண்கள் யாரும் அந்த வேஷத்தின் பக்கம் தலை வைக்கவில்லை. கூத்து நடத்தும் அய்யாவு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தெனம் பத்து மாடிலயும் வாங்கறேன். தெருவுல வாங்கினா இன்னா மாமா?" என்று முத்தம்மா ஏறினாள். பதினோரு வருஷமாகிறது.

அவளைத் திட்டுவதில் ஒரு தனி ருசி. நிஜமாகத் திட்ட ஒன்றுமே கிடையாது. பாத்ரூமில் கிடந்த மோதிரத்துக்குச் சொந்தக்காரியைத் தேடி மூன்று நாள் மாடி மாடியாக ஏறி இறங்கியவள் அவள். சீட்டுத் தகராறோ, குழாயடிச் சண்டையோ, முத்தம்மா ஒரு வார்த்தை சொன்னால் அதோடு முடிந்தது. அந்தப் பேரை அவள் பட்டுச்சேலை மாதிரி மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். அதனால் ஜனங்கள் அவளைத் திட்டுவதற்குக் கற்பனைக் குதிரையைத் தட்டிவிட வேண்டியிருந்தது.

இந்த வருஷம் அதற்கு அவசியமில்லை. அது யாருக்கும் தெரியாது, இரண்டு பேரைத் தவிர.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒருநாள், ஒத்திகைக்கு நேரமாகிறதென்று முத்தம்மா பறந்துகொண்டிருந்தாள். கடைசிச் சுற்று அவளிடம் வேலை பார்க்கும் மமதாவுடையது. மமதா பக்கத்துத் தெருப் பெண். "நானே பூட்டிக்கறேன், நீ கெளம்பு" என்று அவளிடமிருந்து சாவியை வாங்கிய முத்தம்மா, பத்தாவது மாடி பால்கனிக் கதவைப் பூட்டாமல் போய்விட்டாள். அன்றைக்கென்று பார்த்துப் பேய் மழை. காலையில் கார்பெட் ஊறிச் சதசதவென்றிருந்தது. எட்டு கம்ப்யூட்டர்கள் கண்ணை மூடியிருந்தன.

மேனேஜர் ஷ்ரேயாஸ், "லாஸ்ட் ரவுண்டு யாரு?" என்று கேட்டான்.

"மமதா" என்றது முத்தம்மாவின் வாய். அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"சாவி அக்கா கிட்ட இருந்துச்சு சார்" என்று மமதா சொன்னதை ஷ்ரேயாஸ் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த வாரமே அவளை ஊர் எல்லை தாண்டி, அத்திபெலேக்கு அப்பால் ஒரு கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று முத்தம்மா நினைத்தாள். அப்புறம் திங்கட்கிழமை. அப்புறம் திருவிழா முடியட்டும். இருபது வருஷம் சேர்த்த பேர் ஒரு கதவுக்குப் போவதா என்று ஒரு குரல் கேட்டது. கூத்தில், பழியை இன்னொருவன் மேல் போடும் இடம் வந்தபோது அவள் குரல் உடைந்தது. அய்யாவு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நடிப்புன்னா இதுய்யா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முத்தம்மா முக்காலி மேல் நின்றாள். வழக்கம்போல ஆரம்பித்தது.

"போன மாசம் எங்கூட்டு குக்கர் விசில் காணோம். நீதான்டா மழவா முழுங்கிட்ட."

"மெட்ரோ இத்தினி வருசம் லேட்டானதுக்கு இவன்தான் காரணம். தூண இவன் திட்டிவாசல் வழியா கடத்திட்டான்."

கூட்டம் குலுங்கியது. முத்தம்மா மீசைக்குள் சிரித்தாள். அப்போதுதான் மமதா முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"பத்தாவது மாடிக் கதவத் தெறந்து போட்டுட்டுப் போனது நீ. பேரச் சொன்னது என் பேர. உன்ன அக்கான்னு கூப்ட்ட வாய நான் பினாயில் ஊத்திக் கழுவறேன் மழவா."

கைதட்டல் பிளந்தது. "சூப்பர், பினாயில் சூப்பர்" என்று எவனோ விசிலடித்தான். மமதா கூட்டத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

விளக்கில் திரி மட்டும் மிச்சமிருந்தது. இன்னும் இரண்டே நிமிஷம், தலையில் ஒரு குடம் தண்ணீர், எல்லாம் முடிந்துவிடும். முத்தம்மா அந்தச் சுடரைப் பார்த்தாள். மமதாவின் முதுகைப் பார்த்தாள்.

"ஆமா, நான்தான்" என்றாள்.

"முத்தம்மா, வாய மூடு. ரூலு" என்று பதறினார் அய்யாவு.

"ரூல் தெரியும் மாமா. அவ சொன்னது கூத்து இல்ல, நெசம். கதவ நான்தான் பூட்டல. பொய்யும் நான்தான் சொன்னேன்."

ஜனங்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "அக்கா இந்த வருசம் பின்றாங்கப்பா." முத்தம்மா பரிதவித்துப் போனாள். நல்ல பேர் இப்படியும் கழுத்தைப் பிடிக்குமென்று அவளுக்குத் தெரியாது. கவசத்துக்குள் கை விட்டுப் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனாயித்து, என்ன ஆச்சு முத்தம்மா? சண்டே இல்லியா இன்னிக்கு?" என்றான் ஷ்ரேயாஸ், பாதித் தூக்கத்தில், கன்னடம் கலந்து.

"சார், டென்த் ஃப்ளோர் கதவு. மமதா இல்ல, நான்தான் பூட்டாம போனது. உங்க கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. "அந்தப் பொண்ணக் காப்பாத்தச் சொல்றீங்களா? பேடா முத்தம்மா, வேணாம். நீங்க அந்த மாதிரி ஆளு இல்ல, எனக்குத் தெரியும்."

"கேமராவப் பாருங்க சார். அஞ்சு முப்பத்தஞ்சு. நீலச் சேல, கையில சாவி. மீச மட்டும் இருக்காது."

ஷ்ரேயாஸ் சிரிக்கவில்லை. "பாக்கறேன்" என்று வைத்துவிட்டான். தெருவும் சிரிப்பை நிறுத்திவிட்டது. மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றவள் அய்யாவு முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்து, வேண்டாம் என்றார். முத்தம்மா தானே இறங்கி, தானே மீசையைப் பிய்த்துக்கொண்டு, காய்ந்த தலையோடு வீட்டுக்கு நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆர்டர் வந்தது. மமதா பழைய இடத்துக்கு. முத்தம்மா, சூப்பர்வைசர் பதவி இல்லாமல், கிடங்குக்கு. அன்று சாயங்காலம் அவள் மமதா வீட்டுக்குப் போனாள். மமதா வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் மமதா. மன்னிச்சுக்கோ."

"பதினாறு நாள் ரெண்டு பஸ் மாறிப் போனேன். நின்னுக்கினே போனேன்" என்றாள் மமதா, பீன்ஸைப் பார்த்தபடி. "நீங்களும் ஒரு பதினாறு நாள் போயிட்டு வாங்க. அப்புறம் மன்னிக்கறதப் பத்தி யோசிக்கறேன்."

"சரி" என்றாள் முத்தம்மா. திரும்பி நாலடி வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அஞ்சே முக்கா வண்டியப் புடிங்க. ஆறு மணி வண்டில நிக்கக்கூட எடம் கெடைக்காது."

ஒரு கணம் நறுக்குகிற சத்தம் நின்றது. "அக்கா" என்று மமதா சேர்த்துச் சொல்லவில்லை. முத்தம்மா காத்திருக்கவும் இல்லை.