குறட்டில் வந்த சிகரெட்

என் வீட்டுக்காரரை எல்லோரும் 'இஞ்சின்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை. வாயில் புகை வராத நேரம் என்றால் அது அவர் தூங்குகிற நேரம்தான்.

கொரோனா வந்தது. "புகை உள்ள போனா கிருமி செத்துடும்டி, எங்களை அது ஒண்ணும் பண்ணாது" என்றார். எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ! கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அவரும் கூட்டாளி ஒல்லியும் எப்போதும் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுப்பார்கள். தள்ளி நில்லுங்கள் என்று சட்டம் போட்ட பிறகாவது விட்டார்களா? சாப்பாடு கொண்டுபோனபோது என் கண்ணாலேயே பார்த்தேன். ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். சூடான இரும்பைப் பிடிக்கிற நீளக் குறட்டில் சிகரெட்டைக் கவ்வி இவர் நீட்டுகிறார். அவன் இழுத்துவிட்டுக் குறட்டிலேயே திருப்பி நீட்டுகிறான். "பாத்தியா, கைகூடப் படலை!" என்று பெருமை வேறு. கை படவில்லை, சரி. வாய்? அடக் கடவுளே!

ஒல்லிக்குச் சளி மாதிரி வந்து போய்விட்டது. இவருக்கோ மூச்சே விட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

டாக்டரம்மா போனில் பேசினார். "வருஷக்கணக்கா புகையில அடிவாங்கின நுரையீரல்மா. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இது முத்திப்போற ஆபத்து அதிகம். பொழைச்சு வந்தா சிகரெட்டைத் தொடவே கூடாது."

நர்ஸ் வீடியோவில் அவர் முகத்தைக் காட்டியதும், "அந்தக் கருமத்தை எப்படி இழுத்தீங்க! இதை இழுங்க, நல்லா இழுங்க!" என்று அழுதுகொண்டே திட்டினேன். மாஸ்க்குக்குள்ளிருந்து தலையாட்டினார்.

மெல்லத் தேறி வீடு வந்தார். ஆனால் நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கும். கிராம்பைக் கடித்துக்கொண்டு என்மேல் எரிந்து விழுவார். "ஒண்ணே ஒண்ணுடி" என்று கெஞ்சியதும் உண்டு. நான் மசியவில்லை. பட்டறைக்குப் போனால் என்ன ஆகுமோ என்றுதான் பயம்.

மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று நானும் கூடவே போனேன். நம்பிக்கை இருந்தால்தானே!

ஒல்லி பாசத்தோடு பற்றவைத்துக் குறட்டில் நீட்டினான். "வாங்கண்ணே, உங்களுக்குத்தான் முதல் இழுப்பு!"

என் வீட்டுக்காரர் குறட்டை வாங்கினார். சிகரெட்டையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு இரும்பைக் குளிரவைக்கிற தண்ணீர்த் தொட்டியில் அதை முக்கினார்.

"அண்ணே! முழுசுண்ணே!" என்று அலறினான் ஒல்லி.

"இந்தக் குறட்டுல இனிமே இரும்பைத் தவிர வேற எதையாவது நீட்டினே, உன்னையும் சேத்துத் தொட்டியில முக்கிடுவேன், ஓடிப்போய் வேலையைப் பாருடா!"

நடுவில் எங்கேயும் நிற்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.