பதினாறாம் நாள் பாவால்

மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாளே எங்கள் பிரிட்ஜின் மேல்தட்டு ஐஸ்பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மீன் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தைக்குச் சட்டை கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் கையில் எல்லாம் பாவால் என்கிற வாவல் மீன். பத்தியக்காரிக்கு வெள்ளைப் பாவால்தான் நல்லது, அரிப்பு கொடுக்காது, தையல் போட்ட இடம் சீக்கிரம் ஆறும் என்று, ஒவ்வொருவரும் அன்று காலைதான் தாங்களே கண்டுபிடித்ததைப் போலச் சொன்னார்கள்.

கொண்டுவந்ததில் பாதி வெள்ளைப் பாவாலே இல்லை. கூண்டில் தீனி போட்டு வளர்க்கும் மஞ்சள் வயிற்று மீன். விலையில் பாதி இருக்காது. பையைப் பிரிக்காமலே எனக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டி வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்குப் பேச வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறு வருஷமும் டவுன் பள்ளியில் மூன்று வருஷமும் படித்தேன். அந்த ஒன்பது வருஷத்தில் என் குரல் எப்படி இருக்கும் என்று எந்த வாத்தியாருக்கும் தெரிந்திருக்காது.

பேச்சுக்குக் குறையில்லாதவர் சுங்காயில் இருக்கும் என் சம்பந்தியம்மா. அவருடைய மகன், அதாவது என் மருமகன், ஜோகூரில் வேலை செய்கிறார். மாதத்தில் இரண்டு முறைதான் வீட்டுக்கு வருவார். அதனால் மகனுடைய பங்கையும் சேர்த்து அம்மாவே பேசிவிடுவார். மகனிடம் ஒரு பாவாலையும் கொடுத்து அனுப்பியிருந்தார். தினமும் காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்துவிடும். காற்றாடி போடக்கூடாது. தலைக்குத் தண்ணீர் கூடாது. மீன் என்றால் மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரில் ஊறவைத்து, மிளகும் பூண்டும் தடவி, நல்லெண்ணெயில் முறுகப் பொரிக்க வேண்டும்.

"மீன்ல ஈரமே இருக்கக்கூடாது சம்பந்தி. தாய்க்காரி ஈரமாத் தின்னா பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்கும்லா."

கடலிலேயே பிறந்து கடலிலேயே வளர்ந்த மீனிடம் ஈரம் இருக்கக்கூடாது என்பது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனாலும் அவர் சொன்னபடியே செய்தேன். பாவாலின் சதை பாலாடை மாதிரி. அதைத் தேய்த்து, ஊறவைத்து, பொரித்து, தட்டில் போட்டால் டங் என்று சத்தம் கேட்டது. என் மகள் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றாள். மீதியை மூடி வைத்தாள். பால் குறைந்தது. பிள்ளை அழுதது. அவள் கன்னம் ஒட்டியது.

இதெல்லாம் சுங்காய்க்கு எப்படியோ எட்டியது. ஒருநாள் காலை அந்தக் குரல் வழக்கத்தைவிட இனிமையாக வந்தது.

"பதினாறாம் நாளு நான் வாரேன் சம்பந்தி. தாய்க்காரி தெளிஞ்சிருந்தா பத்தியம் முடியிற முப்பது நாளும் அங்கயே இருக்கட்டும். இல்லாட்டி கையோட கூட்டிக்கிட்டு வந்துருவேன். நீங்க ஒன்னும் மனசுல வச்சிக்காதீங்க. எல்லாருக்கும் பத்தியம் பார்க்கத் தெரியுமா?"

அந்தக் குரலை மகளும் பக்கத்தில் படுத்துக்கொண்டே கேட்டாள். புருஷன் இல்லாத அந்த வீட்டில், வயிற்றில் தையலோடு, காற்றாடி இல்லாத பின்னறையில் பதினான்கு நாள் கிடக்க வேண்டும். அவள் அழவில்லை. "அம்மா, நான் போகல. நீ ஏதாச்சும் சொல்லு" என்றாள். நான் எதையாவது சொல்வேன் என்று நம்புவதற்கு அவளுக்கு அன்றைக்குக் காய்ச்சல் இருந்திருக்க வேண்டும்.

பதினைந்தாம் நாள் பகலில் பொரித்த மீனைத் தட்டோடு தள்ளிவிட்டுச் சொன்னாள். "நீ வேலைக்குப் போன வீட்டுல ஆவியில வைப்பாங்கன்னு சொல்லுவியே. அது மாதிரி வச்சுக் குடு. அதுன்னா இறங்கும்."

ஈப்போவில் ஒரு சீனர் வீட்டில் பதினொரு வருஷம் துடைத்துக் கழுவி வைத்தவள் நான். அந்தச் சமையலறையில் என்னிடம் யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்ததுதான். ஆனால் என் வீட்டில் ஒருநாளும் செய்ததில்லை. நாங்கள் பிறந்த தோட்டத்தில் இந்தப் பாவால் மேனேஜர் பங்களா வாசலோடு நின்றுவிடும். தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்துக்கு வந்ததெல்லாம் கருவாடும், கெம்போங் என்கிற மலிவான கானாங்கெளுத்தி மீனும்தான். கெம்போங் எந்த மசாலாவையும் தாங்கும். அந்தப் பழக்கத்திலேயே எங்கள் ஆட்கள் கையில் காசு வந்ததும் பாவாலை வாங்கி, கெம்போங்குக்குச் செய்ததை எல்லாம் அதற்கும் செய்கிறார்கள். விலை உயர்ந்த மீன் என்பதால் மசாலாவும் கூடுதலாகப் போடுகிறார்கள்.

பதினாறாம் நாள் விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் மேசையைச் சுற்றி நம் பெண்கள் நின்று எல்லா மீனையும் விரலால் குத்திக்கொண்டிருந்தார்கள். குத்திய மீனை யாரும் வாங்கவில்லை. கடைக்காரச் சீனர் என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்.

"அக்கா, பொரிக்கவா, ஆவிக்கா?"

"ஆவிக்கு."

அவர் மேசையில் இருந்த மீனைத் தொடவில்லை. குனிந்து கீழே இருந்த பெட்டியில் ஐஸைக் கிளறி ஒன்றை எடுத்தார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. தோல் எங்கும் உரியாமல் வெள்ளித் தட்டு மாதிரி பளபளத்தது. செவுளைத் தூக்கிக் காட்டினார், ரத்தச் சிவப்பு. அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை.

"ராத்திரி லூமுட் துறைமுகத்துல இறங்கினது. மேல இருக்கிறது பொரிக்கிறவங்களுக்கு. அவங்களுக்கு எதைக் குடுத்தாலும் ஒன்னுதான்."

சுற்றி நின்றவர்களுக்கும் மலாய் தெரியும். யாரும் கோபப்படவில்லை. அவர் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குடலை எடுத்து, வயிற்றுக்குள் இருந்த கறுப்புச் சவ்வைச் சுரண்டி, ஒரே ஒரு முறை அலசி, சுத்தமான துணியால் ஒற்றித் துடைத்தேன். ஐஸ்பெட்டியில் வைக்கவில்லை. அங்கே வைத்த பாவால் கல்லாகி, பிறகு உருகும்போது ருசி எல்லாம் தண்ணீரோடு வடிந்துவிடும். தட்டில் வைத்து மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். நாலைந்து மணி நேரத்துக்கு அது போதும்.

பதினொரு மணிக்குச் சம்பந்தியம்மா வந்தார். கார் சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று ஞாபகம் வந்தது, வெளியே போய்விட்டார். சம்பந்தியம்மா பேரனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் முழங்கையைப் பிடித்து, சந்தையில் கோழி பார்ப்பது போல அமுக்கிப் பார்த்தார்.

"எலும்புதான் இருக்கு. துணிமணி எடுத்து வைங்க சம்பந்தி. சாப்பிட்டுக் கிளம்பலாம்."

பிறகு நேராக ஐஸ்பெட்டியைத் திறந்தார். அடுக்கடுக்காகப் பாவால். ஒவ்வொரு பையாகப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு மீனை வச்சிக்கிட்டா பிள்ளையக் காயப் போட்டீங்க? நான் அனுப்பினது எது?"

எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் வயிறு. கெட்டிலில் இருந்த சுடுதண்ணீரை அதன் மேல் ஊற்றினார். "பச்சைத்தண்ணியில போட்டா சாயங்காலம் ஆயிரும்லா." வெளியே வெந்து உள்ளே கல்லாக இருந்த மீனுக்கு மசாலா தடவி எண்ணெயில் விட்டார். எண்ணெய் நாலு பக்கமும் தெறித்தது. அவர் அதையும் என் குவாலிச் சட்டியின் குற்றமாகச் சொன்னார்.

நான் பக்கத்து அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். தட்டில் இரண்டு துண்டு இஞ்சி, அதன் மேல் மீன், மீன் மேல் மெல்லிசாக நறுக்கிய இஞ்சி. மூடி போட்டேன். இந்த அளவு மீனுக்கு எட்டு நிமிஷம். ஐந்தாவது நிமிஷத்தில் சம்பந்தியம்மா மூடியைத் திறந்துவிட்டார்.

"என்னா இது? மசாலா எங்க? பிள்ளை பெத்தவளுக்குச் சீனச் சோறா? பச்சையா இருக்கும்லா."

நான் அவர் கையில் இருந்து மூடியை வாங்கிப் பாத்திரத்தை மறுபடி மூடினேன். போன ஆவிக்காக இன்னொரு நிமிஷம் கூட்டிக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான். ஒரு சம்பந்தி கையில் இருந்து மூடியை வாங்கியதாகத்தான் அப்போது நினைத்தேன். பிடுங்கியதுதான் என்று பிறகு தோன்றியது.

இறக்கி, தட்டில் நின்ற தண்ணீரை வடித்துவிட்டு, கொஞ்சம் கிச்சாப் என்கிற சோயா சாஸ் ஊற்றி, நல்லெண்ணெயைச் சூடாக்கி இஞ்சி மேல் விட்டேன். இரண்டு மீனையும் மகளிடம் கொண்டுபோனோம். பொரித்ததை அவள் தொட்டதும் வெளியே உடைந்தது, உள்ளே மாவாக உதிர்ந்தது. அதை மரியாதையாக ஓரத்தில் வைத்தாள். ஆவியில் வைத்ததைக் கரண்டியால் தள்ளினாள். முள்ளில் இருந்து சதை வெள்ளையாகக் கழன்று வந்தது. சோற்றோடு பிசைந்தாள். தலையைத் தூக்காமல் சாப்பிட்டாள். "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு" என்றாள். பதினாறு நாளில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "உப்பு இருக்கான்னு பார்க்கணும்" என்று விரலால் ஒரு துண்டை எடுத்தார். உப்பு சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது, இன்னொரு துண்டு எடுத்தார். மகள் மேல்பக்கத்தை முடித்து நடுமுள்ளைத் தூக்கி வைத்தபோது கீழ்ப்பக்கம் முழுவதும் சம்பந்தியம்மா பக்கம் நகர்ந்துவிட்டது.

"எனக்கும் ஒரு கை சோறு போடுங்க. வெறும் மீனாச் சாப்பிட்டா வாய்வு."

போட்டேன். அவர் வாய் நிறைந்திருந்தது. அந்த வாய் சும்மா இருக்கும் நேரம் எனக்கு மறுபடி கிடைக்காது என்று தெரிந்தது.

"முப்பது நாளும் அவ இங்கதான் இருப்பா சம்பந்தி. சனிக்கிழமை வாங்க. பெரிய மீனா வாங்கி வைக்கிறேன்."

என் குரல்தானா என்று மகள் நிமிர்ந்து பார்த்தாள். சம்பந்தியம்மா மென்று விழுங்கி, வாயிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தார்.

"சனிக்கிழமையா? சரி, நானும் பிள்ளையப் பார்த்த மாதிரி இருக்கும்" என்றார்.

இரண்டு சனிக்கிழமையும் தவறாமல் வந்தார். மீன் கொண்டுவரவில்லை. மருமகளுக்கு ஆவியில வச்சுக் குடுங்கன்னு தலைதலையாய் அடித்துக்கொண்டு, கடைசியில் தானே பக்கத்தில் நின்று செய்ய வைத்ததாகச் சுங்காயில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எங்கள் உறவுக்காரி ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, "உங்க சம்பந்திதான் உங்களுக்கு மீன் வேக வைக்கச் சொல்லிக் குடுத்தாங்களாமே" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். என் மகள் அப்போது உள்ளறையில் காற்றாடி போட்டுக்கொண்டு பிள்ளையோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.