ஒரு மாதம் தள்ளிச் சொன்ன பொய்

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போனில் ஒன்றையே ஓதுவா: "சரியான மாதத்தை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, கண்ணூறு, நாவூறு பட்டிடும்." நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நான் ஒரு மாதம் தள்ளியே சொன்னேன். கணவர் லொறி ஓட்டுபவர். ஆளில்லாத வீட்டில் வயிற்றுப் பிள்ளையோடுதான் நாள் முழுக்கக் கதை.

அவர் வன்கூவர் போயிருந்த ஒரு காலையில் வலி தொடங்கியது. உண்மைக் கணக்குக்கே இன்னும் நாலு கிழமை இருந்தது. கீழ்வீட்டு அக்காவின் கதவைத் தட்டினேன்.

"உமக்கு ரெண்டு மாதம் கிடக்கே. இது சூட்டு நோ, பிள்ளைவலி இல்லை. இரும், மல்லித்தண்ணி வைச்சுத் தாறன்."

பொய்யை ஒத்துக்கொள்ள வெட்கம். வலியை விழுங்கிக்கொண்டு அதையும் குடித்தேன். ஒரு மணித்தியாலத்தில் அவவின் குசினியிலேயே பன்னீர்க்குடம் உடைந்தது. அழுதழுது உண்மையைச் சொன்னேன்.

"என்ரை கண்ணுக்கோ பயந்தனீர்?" அக்காவின் முகம் வாடிவிட்டது. "சரி, சண்டையைப் பேந்து பிடிப்பம். சப்பாத்தைப் போடும்."

அம்புலன்ஸில் என் கையை விடாமல் வந்தா. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மகள் பிறந்தாள். அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கொண்டுபோனார்கள். அக்கா தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போய்விட்டா. கணவர் வந்து சேர மூன்று நாள். அன்று பின்னேரம் பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் ஆட்கள் வந்தார்கள். என்னைப் பார்க்க யாரும் வரவில்லை. இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு என்றுதானே மற்ற எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இப்போது இரண்டாவதைச் சுமக்கிறேன். டொக்டர் சொன்ன திகதியைப் பெரிதாக எழுதி, அக்காவின் பிரிட்ஜில் நானே ஒட்டிவிட்டு வந்தேன்.