சேட்டுப் பைக்குள் போகிற டிஸ்க்

ரஹீம் நானா மௌத்தாகிவிட்ட செய்தி வந்தபோது நான் அரியாலையில் எங்கள் வீட்டுப் படலையடியில், குடையும் கைப்பையுமாக, அவருக்காகத்தான் காத்துக்கொண்டு நின்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. இணுவிலில் ஒரு வீட்டில் பழைய கல்யாண அல்பம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, இருவரும் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. நேரம் தவறாத மனிதரை இன்னும் காணவில்லையே என்று நான் புறுபுறுத்துக்கொண்டு நிற்க, அவருடைய மகள் நஸ்ரின் போன் எடுத்தாள். சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தாராம். அவ்வளவுதான். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். வாறன் என்று சொல்லிவிட்டு வராமல் போய்விட்டாரே என்று, போன மனிதரோடு நடுவீதியில் நின்று கோபித்தேன். என்னையும் அவரையும் தெரிந்தவர்கள் இதற்காக என்னைக் குறை சொல்லமாட்டீர்கள்.

ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன்னர் போய்ச் சேர்ந்துவிட்டேன். பெண்கள் கூடியிருந்த அறையில்தான் அவருடைய மேசையும் இருந்தது. அதன்மேல் உள்ளங்கை அளவான ஒரு கணினி, அதில் பொருத்திய ஹார்ட் டிஸ்க். பாவிக்காமல் விட்டால் சிறிது நேரத்தில் தானே உறங்கிப்போகும்படி அவர் அதை ஒழுங்கு செய்திருந்தார். அன்று அதன் சின்ன நீல விளக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. செய்தி கேட்ட சனம் புத்தளத்திலும் கொழும்பிலும் லண்டனிலும் இருந்தபடி, அவர் தேடிச் சேர்த்து வைத்த படங்களை இணையம் வழியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. நஸ்ரின் அந்த விளக்கைக் கையால் காட்டினாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே உப தபாலகத்தில், பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் வேலை செய்தோம். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, அவர் வாப்பா, உம்மா, சின்னத் தங்கை ஸீனத் ஆகியோருடன் உடுத்த உடுப்போடு புத்தளம் போனவர். வீட்டுப் படங்கள் சுவரிலும் மேசையிலுமாக இருந்த இடத்தில் இருந்துவிட்டன. உம்மா சில வருடங்களில் அங்கே அகதி முகாமிலேயே காலமானார். அவரைப் பார்ப்பதற்கு இவர்களிடம் ஒரு படம்கூட இல்லை. பின்னர் ஊருக்கு இடமாற்றம் கேட்டு வாங்கி வந்த ரஹீம் நானா, ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் வீட்டில் பழைய கல்யாண அல்பங்கள் இருக்கின்றனவா என்று விசாரித்தார். உங்களுக்கு எதற்கு எங்கள் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டேன்.

"எங்கடை படங்கள் போயிட்டுது, தங்கச்சி. ஆனா உங்கடை கல்யாணங்களுக்கு நாங்கள் வந்தனாங்கள், சாப்பிட்டனாங்கள். உங்கடை படங்களிலை எங்கையாவது ஓரத்திலை நிப்பம்."

அந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அன்று தொடங்கியவர் ஓயவில்லை. லீவு நாளென்றால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனார். முன்பின் தெரியாத வீடுகளில் அல்பத்தைக் கேட்டு வாங்கி, மாப்பிள்ளை பொம்பிளையைத் தாண்டி, பந்தியில் இருப்பவர்களையும் வாசலில் நிற்பவர்களையும் போனில் படம் எடுத்தார். ஒருவருக்கு வாப்பா கிடைத்தார், ஒருவருக்குக் காணாமற்போன தம்பி கிடைத்தான். அவருக்கு மட்டும் உம்மா கிடைக்கவில்லை.

போன் நிறைந்துவிட்டது. இனி வீட்டிலேயே ஒரு சேமிப்பு வேண்டும் என்றானபோது, ஆலோசனை சொல்ல நான் முன்னுக்கு நின்றேன். வெளிநாட்டில் இருக்கும் என் மகன் வைத்திருப்பதைப் போல, இரண்டு பெரிய டிஸ்க் போட்டு இரவு பகலாக ஓடும் ஒரு பெட்டியை வாங்கச் சொன்னேன். நகரில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டும் போனேன். கடைக்காரர் வேகத்தைப் பற்றியும் கொள்ளளவைப் பற்றியும் விளாசிக்கொண்டிருக்க, ரஹீம் நானா மாப்பிள்ளை பார்க்கப் போனவர் மாதிரிக் குடைந்து குடைந்து கேட்டார். சூடு ஏறுமா, சத்தம் போடுமா, தனியாகக் கரண்ட் வயர் வேண்டுமா, சொன்னால் உறங்குமா. வேலை செய்யும்போது எவ்வளவு கரண்ட் எடுக்கும் என்று கடைக்காரர் சொல்லத் தொடங்க, நானா இடைமறித்தார்.

"அதைக் கேக்கேல்லை, தம்பி. சும்மா இருக்கேக்கை எவ்வளவு தின்னும்?"

கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஆனால் கேள்வி சரியானது. வீட்டில் இருக்கும் டிஸ்க் நாளில் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும். பிளக்கில் கொழுவி வாட் பார்க்கும் சின்ன மீற்றர் ஒன்றை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். கடையில் கேட்டு, கணினியில் பொருத்தி, ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். பெரிய டிஸ்க் சும்மா இருக்கும்போதே எடுத்த கரண்டுக்கு, மடிக்கணினிக்குள் போடுகிற அளவான, மெதுவாகச் சுழலும் சின்ன டிஸ்க்குகள் மூன்றை ஓட்டலாம் போலிருந்தது. சுழலாத வகை இன்னும் சிக்கனம் என்று கடைக்காரர் சொன்னார். அதைக் கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் பெட்டிக்குள் போட்டு வைத்தால் உள்ளே இருப்பது நிலைக்குமா என்று நானா கேட்டார். நிலைக்காமலும் போகலாம் என்று கடைக்காரர் ஒத்துக்கொண்டார். கடைசியில், கணினியின் வயரிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும் சின்னச் சுழலும் டிஸ்க்கோடு வெளியே வந்தோம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததைக் கரண்ட் காசுக்குக் கணக்குப் பார்த்து இந்தச் சின்னனுக்குள் போடுவதா என்று பஸ் நிலையம் வரை ஏசிக்கொண்டே வந்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்தச் சிரிப்பின் காரணம் மாரி மழைக்குத்தான் தெரிந்தது. அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். இடி முழங்கத் தொடங்கியது. இடியென்றால் எங்கள் ஊரில் வீடு முழுக்கப் பிளக் கழற்றுவது தெரிந்ததுதானே. அவர் கணினியை முறையாக நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, போட்டிருந்த சேட்டின் நெஞ்சுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து கோப்பையை எடுத்தார். அதை மேசையில் வைத்தால் ஓடியா போய்விடும் என்று நான் நையாண்டி பண்ணினேன்.

"மேசையிலை வைச்சிட்டு வெளிக்கிட்ட ஆக்கள் நாங்கள், தங்கச்சி. பெரிய டிஸ்க் சேட்டுப் பைக்குள்ளை போகாது."

அதற்குப் பிறகு டிஸ்க்கின் அளவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்தேன். முதலில் அவர் அதை இரண்டு நிமிடத்திலேயே உறங்க வைத்திருந்தார். ஒரு படம் பார்த்து அடுத்ததற்குப் போவதற்குள் அது படுத்துவிடும். பிறகு முனகிக்கொண்டு எழும்பும். எனக்கோ பொறுமை என்பது பிறப்பிலேயே இல்லை. அடிக்கடி எழுப்பினால் டிஸ்க் தேய்ந்துவிடும் என்று நஸ்ரினும் சொன்ன பிறகே நேரத்தைக் கூட்டினார். எந்தக் கணினியில் கொழுவினாலும் திறக்கும்படி அதை ஒழுங்கு செய்தார். அதே மாதிரி இன்னொன்றை, வேண்டுமென்றே வேறொரு கடையில் வேறொரு மாதத்தில் வாங்கினார். ஒரே நாளில் செய்தவை ஒரே நாளில் பழுதாகக்கூடும் என்பது அவர் கட்சி. அந்த இரண்டாவது புத்தளத்தில் தங்கை ஸீனத் வீட்டில் இருந்தது. போகும்போதெல்லாம் புதுப் படங்கள் ஏற்றியதைக் கொடுத்து, அங்கிருந்ததைக் கொண்டுவருவார். எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைக்கக் கூடாது என்பதை அவருக்கு எந்தக் கடைக்காரரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பெயர் எழுதுவதிலும் ஒரு பிடிவாதம். படத்தில் இருப்பவர் இன்னார் என்று இரண்டு பேர் சொன்னால்தான் எழுதுவார். ஒருவர் சொன்னால் காணாது. "ஆசை கண்ணை மறைக்கும்" என்பார். அந்த விதியே கடைசியில் அவரைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் அக்காவின் கல்யாண அல்பத்தை நான் பிந்தித்தான் கொடுத்தேன். அது கனடாவில் அக்காவிடம் இருந்தது. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் அம்மா உடுப்புகளை விட்டுவிட்டு அணைத்துக்கொண்டு நடந்த அல்பம் அது. அக்கா ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தாள். ரஹீம் நானாவின் வாப்பா தையற்காரர். எங்கள் வீட்டுக் கல்யாணச் சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவை. ஆகவே குடும்பமாக வந்திருப்பார்கள் என்று நானா நம்பினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. மணவறைக்கு அப்பால், பின் கதவடியில், பலகாரத் தட்டோடு ஒரு பெண். தலை பின்னால் சரிய, வாய்விட்டுச் சிரிக்கிறார். சிரிப்பில் தலை அசைந்ததால் முகம் படத்தில் கொஞ்சம் மங்கியிருக்கிறது.

"உம்மா" என்றார் நானா.

இரண்டாவது ஆள் வேண்டும். அவருடைய வாப்பாவும் எங்கள் அம்மாவும் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார்கள். அக்காவுக்கு நினைவில்லை. மணப்பெண்ணுக்குக் கதவடி தெரியுமா? எனக்கும் நினைவில்லை. அதே வீட்டில் அன்று முழுக்க ஓடித் திரிந்தவள் நான். எத்தனை தடவை கண்ணை மூடி யோசித்தாலும் அந்த முகம் வரவில்லை. ஸீனத்துக்கு அனுப்பினார். அவள், உம்மா இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள். அண்ணனும் தங்கையும் அதற்காகக் கொஞ்ச நாள் கதைக்காமலும் இருந்தார்கள். பிள்ளைக்குத் தெரியாத தாயா, எழுதிவிடுங்கள் என்று நான் கத்தினேன். அவர் எழுதவில்லை. அந்தப் படம் பெயரில்லாமலே கிடந்தது. உம்மாவின் இன்னொரு படம், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு தெளிவான படம் கிடைக்காதா என்றுதான் அதன் பிறகு வீடு வீடாக அலைந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார். இணுவிலுக்குப் போக இருந்ததும் அதற்குத்தான்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு ஸீனத் புத்தளத்திலிருந்து வந்தாள். சனம் கலைந்த பிறகு, அவள் கொண்டுவந்த டிஸ்க்கை நஸ்ரின் கணினியில் பொருத்தினாள். நான் அந்தப் படத்தைத் திறக்கச் சொன்னேன். ஏன் இல்லை என்று சொன்னாய் என்று நேரடியாகவே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத நாள்தான். என்னால் பொறுக்க முடியவில்லை.

அவள் கோபிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அக்கா, வெளிக்கிடேக்கை நான் சின்னப் பிள்ளை. எனக்கு நினைவிருக்கிறது முகாமிலை இருந்த உம்மாவைத்தான். அவ சிரிச்சு நான் ஒருநாளும் காணேல்லை. சிரிக்கிற முகத்தைப் பாத்து உம்மா எண்டு எப்பிடிச் சொல்லுவன்?"

பிறகு விரலால் திரையைத் தொட்டாள். "இப்ப என்ரை மகள் வளந்திட்டாள். அவள் சிரிக்கேக்கையும் தலை இப்பிடித்தான் பின்னாலை போகுது. நானா சொன்னது சரி. எழுதுங்கோ."

எழுதப் போன என் கை நின்றுவிட்டது. இத்தனை வருடமும் எங்களுக்கு அவர் உம்மா. நான் பெயர் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் வந்து, எங்கள் பலகாரத் தட்டைத் தூக்கி, எங்கள் கதவடியில் நின்று சிரித்தவரின் பெயர் என்னவென்று அன்றுதான் கேட்டேன்.

"ஜெமீலா" என்றாள் ஸீனத்.

எழுதினேன். ரஹீம் நானா, நீங்கள் போன இடத்தில் நிம்மதியாக இருங்கள். எனக்கு நிம்மதி இல்லை. அதுதான் நீங்கள் எனக்குத் தந்தது. ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேட்காமல் ஒரு படத்தையும் இனி என்னால் மூடிவைக்க முடியாது.